மூன்றாவது குண்டு

ராணுவ ஜீப் வீட்டைத் தாண்டிப் போனது. ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்ற சுலோச்சனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நம்ம வீட்டுக்கு இல்ல அத்தே," என்றாள் மாமியாரிடம். மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஜீப் தெருமுனையில் நின்று, பின்னோக்கியே திரும்பி வந்தது. இந்த முறை இரண்டு வீடு முன்னதாக நின்றது.

"முதல் குண்டு தாண்டி விழும். அடுத்தது முன்னால விழும். மூணாவது தப்பவே தப்பாது!" போன லீவில் கணவன் வைரவன் அளந்தது. எங்கே சுடுவது என்று பீரங்கிக்காரர்களுக்கு வானத்திலிருந்து பார்த்துச் சொல்வது அவன் வேலை. துப்பாக்கிகூட இல்லாத குட்டி விமானம், பின்சீட்டில் ஒரு ரேடியோ, அவ்வளவுதான்.

பாகிஸ்தான் சண்டை முடிந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. வாரம் தவறாமல் எழுதுகிறவனிடமிருந்து ஒரு வரி இல்லை. தி.நகரே பொங்கல் ஜவுளி வாங்கிக்கொண்டிருக்க, இந்த வீட்டில் அடுப்பு எரிவதே பெரிய காரியமாக இருந்தது.

ஜீப் டிரைவர் தலையை நீட்டி வீட்டு நம்பர்களைத் தேடினார். பக்கத்து சீட்டில் இருந்தவரின் தோள் மட்டும் தெரிந்தது. அவர் அசையவே இல்லை. இழவு சொல்ல வந்தவர் எப்படித் தலை காட்டுவார்?

"கேப்டன் வைரவன் வூடு எதும்மா?" என்று டிரைவர் மீன்கார தேசம்மாவைக் கேட்டார்.

"அத்தத் தாண்டிப் பூட்டு வந்து கேக்குறியே நைனா! தோ, பச்சைக் கதவு."

சுலோச்சனா மாமியாரின் கையைப் பிடித்து இழுத்தாள். "திறக்காதீங்க அத்தே! திறந்தாத்தானே சொல்லுவாங்க!"

மாமியார் சண்முகவடிவு, முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே திறந்தாள்.

வாசலில் டிரைவர். அவர் தோளில் கைபோட்டபடி, கறுப்புக் கண்ணாடியும் சிரிப்புமாக வைரவன்!

இரண்டு கை, இரண்டு கால், எல்லாம் இருந்தது. சுலோச்சனா அழுதாள், சிரித்தாள்; குரல்தான் வரவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவன் எதிரே போய் நின்றாள்.

"பிளேனைச் சுத்திக் குண்டு வெடிச்சும் திரும்ப மாட்டேன்னுட்டாரும்மா," என்றார் டிரைவர். "எதிரியோட கடைசி டாங்கி நின்னு போற வரைக்கும் ரேடியோல சொல்லிக்கினே இருந்தாரு. கீழ மாட்டிக்கினு இருந்த அத்தினி பேரும் பொழச்சோம்."

"வந்துட்டியா, என் ராசா!" மாமியார் மகனின் கன்னத்தைத் தடவினாள்.

"அம்மா," என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான் வைரவன். பிறகு சுலோச்சனாவின் முகத்துக்கு நேராகத் திரும்பிக் கேட்டான்:

"சுலோச்சனா வீட்ல இல்லையாம்மா?"