முந்த முடியாதது

விண்கலத்துக்கு ஆணையை அனுப்பிய மறுநிமிடமே பூங்கோதைக்குத் தன் தவறு உறைத்துவிட்டது. எண்களை ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் சரிபார்த்து அனுப்புவதுதான் அந்தக் கட்டுப்பாட்டு அறையின் வழக்கம். இன்று பக்கத்து இருக்கை ஜெபராஜுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "விடுங்க சார், நானே பாத்துக்கறேன்" என்று அவள்தான் சொன்னாள். ஆணையில் ஓர் எண் மாறிவிட்டது. இனி விண்கலத்தின் ஆண்டெனா பூமியை விட்டு வேறெங்கோ திரும்பிக்கொள்ளும். அப்புறம் நாம் என்ன கத்தினாலும் அதற்குக் கேட்காது.

"உடனே மாத்தி அனுப்பிடலாம்மா" என்றார் ஜெபராஜ், கரகரத்த குரலில்.

"அதுவும் ஒளி வேகத்துலதான சார் போகும்? முன்னால போனத எப்படிப் பிடிக்கும்?"

ஆணை போய்ச்சேர மூன்று மணி நேரம், பதில் வர மூன்று மணி நேரம். அதுவரை திரையில் தகவல்கள் வந்துகொண்டேயிருந்தன: வெப்பம் சரி, மின்சாரம் சரி, கோளாறு எதுவுமில்லை. மாலை ஐந்தரைக்குக் கடைசி வரி வந்தது: ஆணை ஏற்கப்பட்டது, திரும்புகிறேன்.

ஜெபராஜ் காலையில் வாசிக்காமல் விட்ட தாளை எடுத்தார். கட்டிய தொண்டையோடு முதல் எண்ணை உரக்க வாசித்தார்.

பூங்கோதை "சரி" என்றாள்.