தெருவை மறித்தவள்

ஜெர்மனியின் ஹனோவர் நகரில், ஒரு குறுகிய தெருவில், ஹாலோவீன் மாலை இருட்டிக்கொண்டு வருகிறது. றெஜினா நடுத்தெருவில் வலக்கையை உயர்த்தியபடி நிற்கிறாள். அவளுக்கு எதிரே, வேகமாக வந்து நின்ற கார் ஒன்று உறுமுகிறது. அதன் வெளிச்சத்தில் மழைத்தூறல் பொடிப்பொடியாகத் தெரிகிறது. பேய்களும் சூனியக்காரிகளுமாக வேடமிட்ட பிள்ளைகள், வீடு வீடாகப் போய்ச் சேர்த்த இனிப்புப் பைகளை அணைத்துக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால் தெருவைக் கடக்கிறார்கள். கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, தெரு விளையாடும் இடமில்லை என்று கத்துகிறார். "பிள்ளைகள் போகட்டும். பிறகு நீங்கள் போகலாம்," என்று அவளும் ஜெர்மனிலேயே பதில் சொல்கிறாள். "அம்மா, வாங்கோ. அந்த ஆள் கோவமா இருக்கிறார்," என்று மகள் மெலனி நடைபாதையிலிருந்து கெஞ்சுகிறாள். "இருக்கட்டும். கடைசிப் பிள்ளையும் நடைபாதையில ஏறாமல் நான் அசைய மாட்டன்." அந்தக் கடைசிப் பிள்ளை, பூசணிக்காய் உடுப்புப் போட்ட பக்கத்து வீட்டுச் சிறுமி, பை கிழிந்து சிதறிய மிட்டாய்களைப் பொறுக்க நடுத்தெருவிலேயே குந்திவிடுகிறாள். ஹாரன் நீளமாக அலறுகிறது. றெஜினா ஓரடி முன்னே போய், காரின் சூடான மூக்கில் உள்ளங்கையை அழுத்தி ஊன்றுகிறாள். "அவசரமில்லை, ஆறுதலாப் பொறுக்கம்மா," என்கிறாள் திரும்பாமலே. எஞ்சின் அணைகிறது. மிட்டாய்த் தாள்களின் சரசரப்பு மட்டும் கேட்கிறது. அவள் கையை எடுக்கவில்லை.