வெள்ளைக்குக் காவல்

மழை விட்ட வெயிலில் மேவிஸ் வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டு ஹெர்பர்ட்டின் தோட்டத்தில் மணி மணியாகத் தொங்கும் ஊதா ஃபாக்ஸ்கிளவ் பூந்தண்டுகளை அரிவாளால் வெட்டிச் சாய்க்கிறாள். போன வருடம் வெறும் இலையாக நின்ற அவளுடைய வெள்ளை ஃபாக்ஸ்கிளவ் செடிகள் இன்றுதான் பூத்திருக்கின்றன. ஊதாவின் மகரந்தம் பட்டால், விதை உதிர்ந்து முளைப்பதெல்லாம் ஊதாதான். ஹெர்பர்ட் மண்வெட்டியோடு ஓடி வருகிறார். "கையை ஒடிச்சிருவேன்டி." மேவிஸ் நிமிராமலே சொல்கிறாள்: "ஒடி. தேனீ வர்றதுக்கு முன்னாடி பிடுங்கிருன்னு எத்தனை தடவை சொன்னேன்." மண்வெட்டிக் காம்பு அவள் தோளில் இறங்குகிறது, எலும்பு முறியும் சத்தம் இருவருக்குமே கேட்கிறது. அவள் அரிவாளை இடக்கைக்கு மாற்றி, கடைசித் தண்டையும் அறுக்கிறாள். விழுந்த ஊதாப் பூவுக்குள்ளிருந்து, முதுகெல்லாம் மஞ்சள் பொடியோடு ஒரு தேனீ தள்ளாடி வெளியே வருகிறது. வேலியைத் தாண்டிப் பறந்து, ஒரு வெள்ளைப் பூவுக்குள் நுழைகிறது.