சாக்கில் கிடந்த ஏசி

வெள்ளிமலை விஜயராகவனின் பழைய காரிலிருந்து ஏசியை மொத்தமாகக் கழற்றிவிட்டான் நவுஷாத். மேட்டில் வண்டி இழுக்கவில்லை என்பதுதான் அவர் புகார். கம்ப்ரஸர், குழாய், கூலிங் காயில் எல்லாவற்றையும் கள்ளக்குறிச்சி ஷெட்டின் மூலையில் சாக்கு விரித்துப் போட்டான். ஏசிக்கென்று தனியாக ஓடிய ஃபேனையும் ரேடியேட்டருக்கே திருப்பி வயர் இழுத்தான். எந்த வண்டியையும் மலை ஏற்றிப் பார்க்காமல் சாவி கொடுக்கிற வழக்கம் அவனிடம் இல்லை.

மூன்றாவது வளைவில் தூறல் போட்டது. கண்ணாடிகளை ஏற்றினான். வண்டி நன்றாகவே இழுத்தது, சூட்டு முள் அசையவில்லை. ஐந்தாவது வளைவில் முழங்காலில் குளிர்காற்று பட்டது.

ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பினான். இன்ஜின் நின்றது, காற்று நிற்கவில்லை. கண்ணாடி இறக்கும் பிடி சும்மா சுற்றியது. நாலு கதவில் ஒன்றும் திறக்கவில்லை. ரோட்டில் ஆளில்லை. கண்ணாடியை முஷ்டியால் தட்டிக்கொண்டே, ஷெட்டுக்குச் சோறு கொண்டுவந்திருந்த மனைவி ஜீனத்துன்னிசாவுக்குப் போன் போட்டான்.

அவன் வாயெடுக்கும் முன் அவளே பேசினாள்.

"ஏங்க, சாக்குல காயிலு போட்டிருக்கீங்களே, அது பனி புடிச்சிக்கினு வருது. உள்ளேர்ந்து யாரோ தட்டுற மாதிரி சத்தம் வேற கேக்குது."

நவுஷாத்தின் கை கண்ணாடியிலேயே நின்றுவிட்டது.

"இப்ப நின்னுடுச்சிங்க. எனக்கு பயமா இருக்குது. பூட்டிக்கினு வூட்டுக்குப் போறேன்."

போனில் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. மத்தியானம் ஒரு மணிக்கு, காருக்குள் இருட்டியது.