கரண்டிச் சத்தம்

கண்ணாடி கிளாசில் கரண்டி உரசும் சத்தம். விடாமல், அவசரமாக.

ஹாலில் இருந்த நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கத்தானே செய்வார்கள். சர்க்கரை நோய் வராமல் தடுப்பது எப்படி என்று கம்யூனிட்டி காலேஜ் நடத்தும் இலவச வகுப்பு அது. சீனி போடாத சாயாவை எவர் கலக்குவார்?

"சீனி நமக்கு சத்துரு" என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள் நர்ஸ் ஆதிரா. பாதி மலையாளம், பாதி தமிழ் என்று அதுவரை தடங்கலில்லாமல் போய்க்கொண்டிருந்த வகுப்பு நின்றது.

ஏற்பாடு செய்த மோகனன் எழுந்து பின்வாசலுக்குப் போனார்.

அங்கே சாயா போடும் ரெத்தினதாஸ், கழுவிக்கொண்டிருந்த கிளாசுகளைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ஓய் ரெத்தினதாஸ், சீனி வாங்கப்பிடாதுண்ணு சொன்னேனா இல்லையா?"

"சொன்னிய சாரே."

"பின்ன இது எங்கேருந்து வந்தது?"

"எனக்க பையில உண்டு."

"நல்லா இருக்கு. சுகர் வகுப்புல சீனி சாயா குடுத்தானுவண்ணு பக்கத்தூரு குளத்தூர்க்காரன் ஒரு வருசம் சொல்லிச் சிரிப்பான்."

ரெத்தினதாஸ் சாயாவோடு கடைசி பெஞ்சுக்கு நடந்தார். அங்கே ஆரியங்கோட்டு புஷ்பபாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆறு வருடமாகச் சுகர் என்பது அந்த ஹாலில் தெரியாதவர் கிடையாது. ஊசி போடுகிற விவரத்தை சர்ச் சபையில் எழுந்து சாட்சியாகவே சொன்னவர்.

"இதக் குடியுங்க மைனி."

"வேண்டாம். நீரு அங்கோட்டுப் போவும்."

"ரெண்டு மடக்கு போதும்."

புஷ்பபாய் கையை வீசினார். சாயா பாதி தரையில் சிந்தியது.

பக்கத்தில் இருந்த விமலகுமாரி சிரித்தாள். "சீக்காளிக்கே புத்தி இருக்கு. சாயாக்காரருக்குத்தான் இல்ல."

பின்னாலேயே வந்த மோகனன் மிச்ச சாயாவைப் பிடுங்கி ஜன்னல் வழியாகக் கொட்டினார். "ஆளக் கொல்லணுமாவோய் உமக்கு?"

ரெத்தினதாஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். சீனியை உள்ளங்கையில் தட்டினார். ஒரு கையால் புஷ்பபாயின் தாடையைப் பிடித்து, மறு கையால் சீனியை வாய்க்குள் போட்டார்.

"எலே, அந்த ஆளப் பிடிங்கலே" என்றது ஒரு குரல்.

இரண்டு பேர் வந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் திமிறாமல் ஆதிராவைப் பார்த்துச் சொன்னார்.

"டீச்சர், கொஞ்சம் இங்க வாங்க. கிளாசு எடுக்க வந்தப்ப கண்டேன். இவிய கையத் தொட்டுப் பாருங்க."

ஆதிரா வந்து தொட்டாள். கை ஐஸ் மாதிரி இருந்தது. தலைக்கு மேலே ஃபேன் ஓடியும் ஜாக்கெட் முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. அவள் மெஷினை எடுத்து விரலில் குத்தினாள்.

நூறை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தாறு.

"சேச்சி, காலையில ஊசி போட்டீங்களா?"

"போட்டேன்." நாக்கு குழறியது.

"சாப்பிட்டது?"

புஷ்பபாய் தலையை அசைத்தார். "இண்ணைக்கு வெள்ளியாக்கும். உபவாச ஜெபம். பச்சத் தண்ணி குடிக்கல்ல. ஊசிய முடக்கப்பிடாதுண்ணு டாக்டர் சொல்லியிருக்காரே. அத முடக்கல்ல. ஜெபம் முடிஞ்சு நேர இங்க வந்தேன்."

ஆதிரா நிமிர்ந்தாள். "அந்த அண்ணன விடுங்க. அண்ணா, இன்னும் சீனி உண்டா?"

கைகள் விலகின. மோகனனே ஓடிப்போய் சாயா எடுத்து வந்தார். ரெத்தினதாஸ் மூன்று கரண்டி போட்டுக் கலக்கினார். இந்த முறை புஷ்பபாய் மறுக்கவில்லை.

கால் மணி நேரத்தில் மெஷின் தொண்ணூற்றிரண்டு காட்டியது. புஷ்பபாய் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு ஹாலைச் சுற்றிப் பார்த்தார்.

"நான் உம்ம அடிச்சேனா ரெத்தினதாசு?"

"கிளாசத்தான் தட்டினிய மைனி. எனக்குப் படல்ல."

ஆதிரா மறுபடி வகுப்பைத் தொடங்கினாள். சீனி எப்போது விஷம் என்று சொன்னவள், எப்போது மருந்து என்பதை மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். குரலில் பழைய வேகம் இல்லை. "நான் இதத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்" என்றாள்.

மோகனன் பின்பக்கம் வந்தார். ரெத்தினதாஸ் குழாயடியில் குந்தியிருந்தார்.

"இன்னும் பத்து நிமிசம் போயிருந்தா ஆள் மயங்கியிருக்கும்ணு அந்த நர்ஸ் பிள்ள சொல்லுது. நான் சாயாவக் கொண்டு கொட்டியாச்சு. எனக்குத் தெரியல்ல ஓய்."

"செரி சாரே."

"நீரு இத எங்க படிச்சீரு?"

"படிச்சதொண்ணும் இல்ல. எனக்க வீட்டுக்காரி, கிருபாபாய், அவளும் ஒரு வெள்ளிக்கிழம இப்பிடித்தான் வேர்த்து ஒழுகிட்டு வந்தா. கொஞ்சம் சீனி தாருமுண்ணு கேட்டா."

"குடுத்தீரா?"

"அதுக்கு முந்தின வாரம்தான் நான் இது மாதிரி ஒரு கிளாசுக்குப் போயிருந்தேன் சாரே. மொத பெஞ்சில இருந்து எல்லாத்தையும் கேட்டேன். வீட்டுக்குப் போய் சீனி டப்பாவ அலமாரியில வச்சுப் பூட்டினேன். அவ சாவிக்காகக் கெஞ்சினா. நான் குடுக்கல்ல. விடியக்குள்ள அவ போயாச்சு."

மோகனன் கழுவாத கிளாசுகளை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ரெத்தினதாஸ் குழாயைத் திறந்து, அடுத்த கிளாசை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.