சாப்பாட்டுச் சங்கு

சங்கு ஊதியது. நாற்றுமுடியை அப்படியே போட்டுவிட்டு வரப்பேறி, தூக்குவாளியைத் திறந்தோம்.

கேஸ் கம்பெனிக்காரன் தினமும் உச்சிவேளையில் சைரனை ஊதிச் சோதித்துப் பார்ப்பான். வாயு கசிந்தால் ஊரை எச்சரிக்க வைத்தது, நடவாட்களுக்குச் சாப்பாட்டுச் சங்கு ஆகிவிட்டது. அந்தப் பாவியால் எங்களுக்குக் கிடைத்த ஒரே உபகாரம் அதுதான்.

இன்றைக்கு அது நிற்கவில்லை.

வழக்கமாக ஒரு வாய்ச் சோறு உள்ளே போவதற்குள் அடங்கிவிடும். இது அலறிக்கொண்டே இருந்தது.

“அய்யய்யோ, நெசமாவே ஊதுறான்டி!” என்று நான்தான் முதலில் கத்தினேன்.

தூக்குவாளி கவிழ்ந்தது, செருப்பு சேற்றோடு போனது. விழுந்தடித்துக்கொண்டு எல்லோரும் ரோட்டைப் பார்த்து ஓடினோம்.

என் ஓரகத்தி செவ்வந்தி மட்டும் சைரன் கம்பத்தைப் பார்த்து ஓடினாள்.

அதன் அடியில்தான் அவள் மகன் காத்தான் தூளியில் கிடந்தான்.

வேறு எங்கே கட்டுவாள்? பிள்ளைகளைப் போட்டுவைக்க இருந்த புங்கமரத்தை, கேஸ் கிணறு போட வந்தவன் வேரோடு சாய்த்துவிட்டான். மறியல் செய்தோம். வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். ஆட்சிகூட மாறியது, மரமா திரும்பி வரும்? இந்தப் பொட்டலில் மிச்சமிருந்தது கம்பத்தில் மாட்டிய சோலார் தகட்டின் நிழல்தான். அதற்கு மேலே நாலு பக்கமும் சைரன் குழல்கள்.

குறுவை நடவில் தூளி கட்டிய புதிதில், சங்கு ஊதினாலே பிள்ளை வீறிட்டு அழும். அப்புறம் லேசாகச் சிணுங்கும். தாளடி வருவதற்குள் அதுவும் நின்றுபோனது.

“எம்புள்ளைக்குப் பழகிருச்சுக்கா” என்று செவ்வந்திக்கு ஒரே பெருமை. தங்கமான பிள்ளை என்று நானும் திருஷ்டி கழித்துப் போட்டேன்.

என்ன இருந்தாலும் எங்கள் வீட்டுப் பிள்ளை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோதும் சங்கு ஓயவில்லை. காது கிழிந்தது. தலைக்குள் எதுவோ அதிர்ந்தது.

காத்தான் எங்களுக்கு முதுகைக் காட்டித் தூளிக்குள் உட்கார்ந்திருந்தான். கம்பிவேலியில் மாட்டிப் படபடத்த பாலிதீன் பையைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

சட்டென்று சைரன் நின்றது. உள்ளேயிருந்து வாட்ச்மேன் ஓடிவந்தான். கசிவெல்லாம் இல்லையாம். ஏதோ சுவிட்சு மாட்டிக்கொண்டதாம்.

போன உயிர் திரும்பி வந்தது. அந்தக் கட்டையில் போறவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

செவ்வந்தி பிள்ளையைத் தூக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

“காத்தான்” என்று அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

பிள்ளை பாலிதீன் பையைப் பார்த்துச் சிரித்தான்.

இன்னொரு தரம் கூப்பிட்டாள். பிறகு, ரோட்டுக்கு ஓடிப்போனவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, தொண்டை கிழியக் கத்தினாள்.

நான் அண்ணாந்து பார்த்தேன். குழல்களில் ஒன்று நேராகத் தூளிக்கு மேலே இருந்தது.

செவ்வந்தி மெல்லக் கையை நீட்டி அவன் தோளைத் தொட்டாள்.

தொட்ட பிறகுதான் திரும்பினான். அம்மாவைக் கண்டதும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தான்.