நாலு மணிச் செய்தி

“முதல் வருஷ மாணவர்களோட மைக்கை டிரான்ஸ்மிட்டர்ல இணைக்கவே மாட்டோம். சொன்னா ஏனோதானோன்னு படிப்பீங்க, அதான் சொல்லல. இன்னைக்குப் பயிற்சி இல்ல, கிளம்புங்க” என்றார் வானொலிப் பேராசிரியர்.

அவள் முதல் வருஷ மாணவி. ஒரு மாதமாகக் கல்லூரி வானொலியில் நாலு மணிச் செய்தி படிக்கிறாள். அம்மா தினமும் கேட்டுவிட்டு, தடுமாறிய இடத்தைக்கூடச் சொல்கிறாள். “ரேடியோவுல குரல் வரலைன்னா படிப்பு கட்” என்ற அப்பாவின் வாயை அடைத்ததே அம்மாவின் அந்தச் சாட்சிதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தாள்.

“நீ எதைம்மா கேட்டே?”

“கத்தாதடி. முதல் நாள்லேருந்தே கரகரன்னு சத்தம்தான். அதைச் சொன்னா உங்கப்பா உன்னை விட்டுவைப்பாரா?”

“அப்போ நான் தடுமாறினது?”

“காலையில குளிக்கும்போது படிச்சுப் பாக்குறியே, தெருவுக்கே கேக்குது! எப்பவும் அமைச்சர் பேர்லதானே மாட்டிக்குவே?”

தையற்கடையைப் பூட்டிவிட்டு அப்பா வந்தார். முகமெல்லாம் பல்.

“இன்னைக்குச் செய்தியைக் கடையில வெச்சுக் கேட்டேன். ரவிக்கை வாங்க வந்தவங்களையும் நிறுத்திக் கேக்க வெச்சேன். ஒரு இடத்துலகூடத் தடுமாறலையே! இவ படிப்பை நிறுத்துறதாவது!”

இன்றைக்கு அவள் செய்தி படிக்கவே இல்லையே! குழம்பிப்போய் அம்மாவைப் பார்த்தாள்.

“இன்னைக்கா கேட்டீங்க?” என்றாள் அம்மா.

“இன்னைக்கு என்ன, ஒரு மாசமா தினமும்தான் கேக்குறேன். நீ மட்டும்தான் கேப்பியா?” என்றார் அப்பா.